ராதையைப் படித்த நாகரத்தினம்மாள்

காதல் கதையைப் படித்த வாசகர் என்ன செய்வார்? பிடித்தால் நாலு பேரிடம் சொல்வார், பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிடுவார். அதே கதையில் சாமியும் படுக்கையும் சேர்ந்து வந்துவிட்டால் விஷயம் வேறு. ஒருவர் போலீஸ் நிலையத்துக்குப் போவார், ஒருவர் மடத்துக்குப் போவார், இன்னொருவர் புத்தகத்தைத் தெருவில் போட்டுக் கொளுத்துவார். அபூர்வமாக ஒருவர் தன் பணத்தைப் போட்டு அதை மறுபடி அச்சடிப்பார். அந்த அபூர்வ வாசகர் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

1878இல் நஞ்சன்கூட்டில் புட்டலட்சுமி அம்மாளின் மகளாகப் பிறந்தவர் அவர். மைசூரில் பாடம் தொடங்கிப் பெங்களூரில் இசை பயின்றார். கன்னடம், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றிலும் தேர்ச்சி உண்டு. மைசூர் உயர்நீதிமன்ற நீதிபதி நரஹரி ராவ் அவருடைய புரவலர். ஹனுமந்த நகரில் நரஹரி ராயர் குட்டா என்று இன்றும் அழைக்கப்படும் குன்று அந்த நீதிபதியின் பெயரில் இருப்பதுதான். பிறகு சென்னைக்குக் குடிபோனாலும் ஊர்ப்பெயர் அவரை விட்டுப் போகவில்லை. தமிழர்களுக்கு அவரைத் திருவையாற்றின் வழியாகத் தெரியும். தியாகராஜரின் சமாதிக்குக் கோயில் எழுப்பி 1926இல் குடமுழுக்கு நடத்தியவர், பெண்கள் பாடக்கூடாது என்றிருந்த ஆராதனையில் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய்ப் பாடியவர். அவருக்கு இன்னொரு பக்கம் உண்டு. நம் இசை விமர்சகர்கள் அதைச் சற்று வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அவர் படித்த புத்தகம் 'ராதிகா சாந்த்வனம்'. எழுதியவர் முத்துப்பழனி, பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த தேவதாசி. ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் தந்தவரும் இவரே. நான்கு பகுதிகள், 584 பாடல்கள். தான் வளர்த்த இளா என்ற பெண்ணைக் கிருஷ்ணனுக்குக் கட்டிவைக்கிறாள் ராதை. முதலிரவுக்கு அவளைத் தயார் செய்பவளும் ராதைதான்; இருவருக்கும் புத்தி சொல்லி அறைக்குள் அனுப்பிவிட்டு, வெளியே நின்று வெந்து போகிறாள். பிறகு கோபம், ஊடல், கிருஷ்ணன் வந்து காலில் விழுந்து சமாதானம் செய்வது. சிருங்கார காவியத்தில் இதெல்லாம் புதிதில்லை. புதிது, ஆசைப்படுகிறவள் ராதையாக இருப்பது. அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று கிருஷ்ணன் முறையிடும் இடம்கூட இதில் வருகிறது. இளமை கடந்த ஒருத்தி, தன்னைவிட இளைய ஒருத்திக்கு இடம் கொடுத்துவிட்டுத் தன் உடம்பின் பங்கைக் கேட்டு வாங்குகிறாள்.

நாகரத்தினம்மாள் இந்த நூலின் பெயரை வேறொரு நூலின் வழியே அறிந்து தேடி வாங்கினார். பைடிபாடி வெங்கடநரசு 1887இல் அச்சிட்டு 1907இல் மறுபதிப்பாகவும் வந்த பிரதி அது. பிறகு ஏட்டுச்சுவடி கைக்கு வந்ததும் ஒப்பிட்டுப் பார்த்தார். அச்சில் பல இடங்கள் காணவில்லை. முக்கியமாக, தொடக்கத்தில் முத்துப்பழனி தன் பாட்டி தஞ்சைநாயகி, தாய் என்று தன் பரம்பரையைச் சொல்லும் முன்னுரைப் பாடல்கள் இல்லை. ஒரு காவியத்தை அச்சேற்ற நினைத்த பண்டிதருக்கு முதலில் வேண்டாததாகத் தெரிந்தது, பாட்டி, தாய், மகள் என்று பெண் வழியில் ஓடும் அந்த வம்சாவளி. ராதையின் முத்தங்கள் பலவற்றை அவர் அனுமதித்திருக்கிறார், கவியின் பாட்டியை அனுமதிக்கவில்லை.

இந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு பெங்களூருவைச் சுற்றி எழுதப்பட்ட, படிக்கப்பட்ட, தடுக்கப்பட்ட பக்தி-காமக் கதைகளை ஒரு சுற்று பார்க்கலாம் என்று நினைக்கிறேன். எனக்குப் படுவது இதுதான்: கூடல் காட்சியை நம் வாசகர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். யார் வயிற்றில் யாருக்கு யார் பிறந்தார் என்ற கேள்வியை அந்தக் காட்சி தொட்டுவிட்டால் பொறுப்பதில்லை.

அதற்கு முன் நாகரத்தினம்மாளை முடித்துவிடுவோம். தெலுங்கு நவீன உரைநடையின் தந்தை என்று போற்றப்படும் கந்துகூரி வீரேசலிங்கம், தம் கவிஞர் வரலாற்று நூலில் முத்துப்பழனியின் புலமையை ஒப்புக்கொண்டுவிட்டு, இந்தப் பாடல்கள் பெண்கள் கேட்கவே தகாதவை, ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரவே கூடாதவை என்ற பொருளில் எழுதியிருந்தார். விதவை மறுமணத்துக்காகக் கல்லடி பட்ட சீர்திருத்தவாதி அவர். 1910இல் வாவிள்ள ராமசாமி சாஸ்திருலு நிறுவனத்தின் வழியே வந்த பதிப்பின் முன்னுரையில் நாகரத்தினம்மாள் அவருக்கு நேராகவே பதில் சொன்னார். எத்தனை முறை படித்தாலும் தனக்குத் திரும்பப் படிக்கத் தோன்றுகிறது. இதை எழுதியவள் ஒரு பெண், தன் குலத்தில் பிறந்தவள். அதனால் முழுமையாக வெளியிடுவதாகச் சொன்னார். வெட்கம் பெண்ணுக்கு மட்டும் உரியதா, ஆணுக்குக் கிடையாதா என்றும் கேட்டார். பிறகுதான் அந்தக் குத்து: வீரேசலிங்கமே பார்த்து அச்சுக்கு அனுப்பிய 'வைஜயந்தி விலாசம்' இதைவிட எந்த விதத்தில் சுத்தம்?

'வைஜயந்தி விலாசம்' யாருடைய கதை என்று தெரிந்தால் தமிழ் வாசகர் நிமிர்ந்து உட்கார்வார். சாரங்கு தம்மய்யா எழுதிய அந்தக் காவியம் நம் தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் கதை. ஸ்ரீரங்கத்தில் துளசி மாலை கட்டிக்கொண்டிருந்த விப்ரநாராயணர் தேவதேவியிடம் மயங்கி எல்லாம் இழந்து, கடைசியில் ரங்கநாதரே பொன்வட்டிலைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்குப் போகும் கதை. 1954இல் பானுமதியும் நாகேஸ்வர ராவும் நடித்துப் படமாகவும் வந்து ஓடியது. குடும்பத்தோடு போய்ப் பார்த்தார்கள். பக்தன் சறுக்குவான், தாசி சறுக்க வைப்பாள், பெருமாள் மீட்பார். இந்த வரிசையில் காமம் எவ்வளவு இருந்தாலும் யாருக்கும் வலிக்காது. ஏனென்றால் அது ஆணின் ஆன்மிகப் பயணத்தில் ஒரு ஸ்டேஷன். முத்துப்பழனியின் நூலில் அப்படி இறங்கிக் கடந்துபோக ஸ்டேஷன் எதுவும் இல்லை.

பதில் வந்தது. எழுதியவளும் தாசி, பதிப்பித்தவளும் தாசி என்ற பாணியில் 'சசிலேகா' பத்திரிகை எழுதியது. 1911இல் சென்னைப் போலீஸ் கமிஷனர் கன்னிங்ஹாம் பிரதிகளைப் பறிமுதல் செய்தார். பண்டிதர்கள் மனுக் கொடுத்தும் பயனில்லை. 1947இல்தான் தங்குதூரி பிரகாசம் முயன்று தடை நீங்கியது. முழுப் பதிப்பு மறுபடி 1952இல் வந்தது. அந்த ஆண்டு மே மாதம் நாகரத்தினம்மாள் மறைந்தார். தடை நீங்கிய அதே 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. நூலுக்கு விடுதலையும் அதை எழுதிய மரபுக்கு முற்றுப்புள்ளியும் ஒரே ஆண்டில். சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் எழுதிய 'தாசிகள் மோசவலை'யைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

தியாகராஜரின் சமாதியில் விழுந்து வணங்கியவரும் ராதையின் படுக்கையறைப் பாடல்களைத் திரும்பத் திரும்பப் படித்தவரும் ஒரே பெண். இரண்டையும் எப்படி ஒன்றாக வைத்திருந்தார் என்ற கேள்வி நமக்குத்தான் வருகிறது. நாச்சியார் திருமொழியும் அஷ்டபதியும் பாடி வளர்ந்த ஒருவருக்கு அது கேள்வியாகவே தோன்றியிருக்காது.

பெங்களூருவின் அடுத்த பெரிய கலவரம் 'சம்ஸ்கார'. பர்மிங்ஹாமில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, பெர்க்மனின் 'செவன்த் சீல்' படம் பார்த்த உந்துதலில் யு.ஆர். அனந்தமூர்த்தி எழுதியது, 1965இல் தார்வாட் மனோகர கிரந்தமாலை வெளியிட்டது. துர்வாசபுர அக்கிரகாரத்தில் பிளேக் கண்டு செத்துப்போகிறான் நாரணப்பா. மாமிசம் தின்றவன், குடித்தவன், சந்திரி என்ற தாசியோடு வாழ்ந்தவன். பிள்ளை இல்லை. அவனுக்கு யார் கொள்ளி வைப்பது? சாஸ்திரம் கரைத்துக் குடித்த பிராணேசாச்சாரியார் ஏடு புரட்டுகிறார், மாருதி கோயிலில் போய் உட்காருகிறார், விடை இல்லை. இருட்டில் காட்டுவழியில் சந்திரியைத் தொடுகிறார்.

கன்னட விமர்சனம் அந்த ஆச்சாரியாரின் பின்னாலேயே அறுபது வருடமாக நடக்கிறது. நைபால் தம் 1977 நூலில் அவரை வைத்து இந்துக்களின் தன்னுணர்வு பற்றியே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மாத்வ பிராமணர்கள் கோபப்பட்டார்கள். இடதுசாரிகள் கொண்டாடினார்கள். எல்லாருடைய கண்ணும் ஆச்சாரியார் மேல். ஆனால் கதையை உன்னிப்பாகப் படித்தால், அவரால் தீர்க்க முடியாத பிரச்சினையைச் சந்திரி முன்பே தீர்த்துவிட்டாள். மீன் வியாபாரி அகமது பாரியைக் கூப்பிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக நாரணப்பாவின் உடலை எரித்துவிட்டு, குந்தாபுரத்துக்குக் கிளம்பிவிடுகிறாள். அக்கிரகாரத்துக்கு அது தெரியாது; ஆச்சாரியாருக்கும் தெரியாது. வாசகருக்குத் தெரியும், ஆனால் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட மகானிடமிருந்து கரு உண்டாக வேண்டும் என்று தன் தாய் சொன்னதைச் சந்திரி நினைத்துக்கொள்கிறாள். அந்தக் குழந்தை பிறந்ததா? நாவல் அந்தப் பக்கம் திரும்பவில்லை, ஆச்சாரியாரோடு மேளிகைத் தேர்த்திருவிழாவுக்குப் போய்விடுகிறது. சந்திரிக்குத் தேகம் கிடைத்த அளவுக்கு மனம் கிடைக்கவில்லை என்பது என் புகார். மிகச் சிறந்த நாவல், அதில் சந்தேகமில்லை. அதன் துணிச்சல் ஆச்சாரியாரின் சந்தேகத்தோடு நின்றுவிடுகிறது.

1970இல் பட்டாபிராம ரெட்டி அதைப் படமாக்கினார். திரைக்கதை கிரீஷ் கர்னாட், ஆச்சாரியாராக நடித்தவரும் அவரே, நாரணப்பாவாக லங்கேஷ். சென்னைத் தணிக்கைக் குழு தடுத்தது, மத்திய அரசு விடுவித்தது, கன்னடத்துக்கு முதல் தங்கத் தாமரை கிடைத்தது. சந்திரியாக நடித்தவர் இயக்குநரின் மனைவி ஸ்னேகலதா ரெட்டி. நெருக்கடி நிலையின்போது 1976 மே மாதம் கைதாகிப் பெங்களூரு மத்தியச் சிறையில் மாதக்கணக்கில் அடைபட்டார். ஆஸ்துமா முற்றி, வெளியே விட்ட சில நாட்களில், 1977 ஜனவரியில் இறந்தார். அந்தச் சிறை இருந்த இடம்தான் இன்றைய ஃப்ரீடம் பார்க்.

'சம்ஸ்கார' வந்த அதே 1965இல் எஸ்.எல். பைரப்பாவின் 'வம்சவிருட்சம்' வந்தது. களம் நஞ்சன்கூடு, நாகரத்தினம்மாள் பிறந்த ஊர். சீனிவாச சுரோத்திரியின் விதவை மருமகள் காத்தியாயனி மைசூரில் கல்லூரிக்குப் போய், ஆசிரியர் ராஜாவைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பெற்ற பிள்ளை மாமனார் வீட்டிலேயே தங்கிவிடுகிறான். பிறகு அவள் கரு தங்குவதேயில்லை, ஒவ்வொன்றாகக் கலைந்து, அவளும் சாகிறாள். மாமனாருக்கோ தன் பிறப்பே அந்த வம்சத்தின் ரத்தத்தில் இல்லை என்று தெரியவருகிறது. பைரப்பா ஒரு பக்கம் வம்சம் என்பதையே உடைக்கிறார், மறுபக்கம் அதைத் தாண்டிய பெண்ணின் கருப்பையைத் தண்டிக்கிறார். இரண்டையும் ஒரே நாவலில் செய்ய அவரால் முடிந்தது. அதனால்தான் எதிரெதிர் முகாம் வாசகர்கள் இருவருக்குமே அது பிடித்தது. 2007இல் வந்த 'ஆவரண' வேறு ரகம். லட்சுமி, அமீரைக் காதலித்து ரஸியாவாகி, பிறகு தந்தையின் ஊருக்குத் திரும்பி வரலாறு படிக்கத் தொடங்குகிறாள். வெளியீட்டுக்கு முன்பே முதல் அச்சு தீர்ந்தது. அதில் காதல் ஒரு சாக்குதான். வாதம் செய்யக் கிளம்பிய நாவலில் காதலர்களுக்கு மூச்சுவிட இடமிருக்காது, இதில் இல்லை.

இதைவிட முக்கியமான வழக்கு பி.வி. நாராயணவின் 'தர்மகாரண'. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்யாண நகரம், பசவண்ணர், சரணர்கள். பசவண்ணரின் தமக்கை அக்கநாகம்மை என்கிற நாகலாம்பிகையின் காதலையும், அவர் மகன் சென்னபசவண்ணரின் பிறப்பையும் நாவலாசிரியர் கற்பனை செய்த பன்னிரண்டாவது அத்தியாயம் லிங்காயத்துகளைக் கொதிக்க வைத்தது. மாநில அரசு 1997இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவின் கீழ் நூலைப் பறிமுதல் செய்தது. எழுத்தாளர் பரகூர் ராமச்சந்திரப்பாவும் மற்றவர்களும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2007 மே மாதம் பறிமுதல் செல்லும் என்று தீர்ப்பானது.

சாதியை எதிர்த்து நின்ற இயக்கம் சரணர்களுடையது. பிராமணப் பெண்ணுக்கும் செருப்புத் தைக்கும் குலத்துப் பையனுக்கும் நடந்த கல்யாணத்தால்தான் கல்யாண நகரமே பற்றி எரிந்தது என்பது அவர்களே போற்றிச் சொல்லும் வரலாறு. கணவனை உதறி, உடையை உதறி, சென்னமல்லிகார்ச்சுனனையே புருஷனாக வரித்த அக்கமகாதேவி அவர்களின் தெய்வம். அவர் வசனங்களில் உள்ள வேட்கை முத்துப்பழனிக்குக் குறைந்ததல்ல, இன்றும் பெங்களூரு மேடைகளில் கச்சேரியாகப் பாடப்படுகிறது. அக்கமகாதேவியின் காதலுக்குப் பிள்ளை கிடையாது. நாகலாம்பிகையின் காதலுக்கு உண்டு. அந்தப் பிள்ளையின் பெயரில் ஒரு குருபரம்பரையும் உண்டு. நீதிமன்றத்தில் நின்றது அந்த வித்தியாசம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

'மாதொருபாகன்' பற்றித் தமிழ் வாசகருக்கு நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. பெருமாள்முருகன் அதற்கான கள ஆய்வைச் செய்ததற்கு உதவித்தொகை தந்தது பெங்களூருவில் இயங்கும் இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை என்பதை மட்டும் நினைவூட்டலாம். 2010இல் வந்த நாவல் நாலு வருடம் அமைதியாகப் படிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் போனபின், 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரியில் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்ற அறிவிப்பு; 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு. அர்த்தநாரீசுவரர் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில் குழந்தையில்லாத பொன்னா போனாள் என்பதற்காகவா கோபம்? அவளைப் போலப் போனவர்களுக்குப் பிறந்தவர்கள் சாமி கொடுத்த பிள்ளைகள் என்று ஊர் சொன்னதாக நாவல் சொன்னதற்காகத்தான் கோபம். எங்கள் பாட்டிகளை என்ன சொல்கிறாய் என்பதே போராட்டக்காரர்களின் குரல். முத்துப்பழனியின் பாட்டியை அச்சிலிருந்து எடுத்தவர் கேட்டதும் ஏறத்தாழ இந்தக் கேள்விதான், திசைதான் வேறு.

இப்போது சர்ச் தெருப் புத்தகக் கடைகளுக்குப் போனால் வேறொரு உலகம். பாதிரியாரும் பங்கு மக்களில் ஒருத்தியும் காதலிக்கும் ஆங்கிலக் கதைகள் தனி அலமாரியாகவே இருக்கின்றன. அமெரிக்க எழுத்தாளர் சியரா சிமோனின் 'ப்ரீஸ்ட்' 2015இல் வந்தது. முந்தைய தலைமுறை வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்த காலீன் மெக்கல்லோவின் 'தார்ன் பேர்ட்ஸ்' 1977. கத்தோலிக்கப் பாதிரியார் துறவு மேற்கொண்டவர், அதனால் தொட்டாலே பாவம். அந்தப் பாவத்தின் ருசியில்தான் கதை நகர்கிறது. மெக்கல்லோவின் பாதிரியாருக்கு ஒரு மகன் பிறந்து, அவனும் பாதிரியாராகிச் செத்துப்போகும்போது மட்டும் அது வேறு உயரத்துக்குப் போகிறது. ஐ.டி. நிறுவனப் பைகளோடு நின்று இவற்றைப் புரட்டும் இளம் வாசகிகளை யாரும் தடுப்பதில்லை. கடவுள் வேறு யாருடையதோ, மொழியும் வேறு யாருடையதோ. புகார் கொடுப்பவர்கள் அந்த அலமாரிப் பக்கம் வருவதேயில்லை. இந்தச் சுதந்திரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் புத்தகங்களைப் பற்றி ஐந்து நட்சத்திரங்களும் கண்ணீர்த் துளிகளும்தான் கிடைக்கின்றன; வீரேசலிங்கத்தோடு மல்லுக்கு நிற்கும் முன்னுரை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

கடைசியாகச் சாரா அபூபக்கர். இந்தப் பட்டியலிலேயே விசித்திரமான தடைக்காதல் அவர் எழுதியது. 'சந்திரகிரிய தீரதல்லி' எண்பதுகளில் லங்கேஷின் பெங்களூரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. 'சம்ஸ்கார' படத்தின் நாரணப்பா அதே லங்கேஷ்தான். காசர்கோட்டுப் பக்கத்து நாதிராவுக்கு விலக்கப்பட்ட ஆண், அவள் கட்டிய கணவன் ரஷீத். தந்தையின் சூழ்ச்சியால் தலாக் நடந்துவிடுகிறது. இருவரும் இன்னும் விரும்புகிறார்கள், குழந்தையும் இருக்கிறது. மறுபடி சேர வேண்டுமானால் அவள் வேறொருவனை மணந்து, ஓர் இரவு அவனோடு இருந்து, அவன் விலக்கிய பிறகே திரும்ப முடியும். அந்த இரவில் அவள் பள்ளிவாசல் குளத்தில் இறங்கிவிடுகிறாள். மார்க்கத்தின் பெயரால் ஒரு கல்யாண ராத்திரி திணிக்கப்படுவதையும், அதே மார்க்கத்தை நம்பிக்கொண்டே ஒருத்தி அதை மறுப்பதையும் இவ்வளவு சிக்கனமாக யாரும் எழுதவில்லை. கூடல் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. படிக்கையில் உடம்பு பதறும். சொந்தச் சமூகத்திலிருந்து சாரா வாங்கிய வசவுகள் கொஞ்சமல்ல.

தமிழில் பொன்வண்ணன் இந்தக் கதையை 'ஜமீலா' என்று படமாக்கினார். பிறகு பியாரி மொழியில் 'பியாரி' என்ற படம் வந்து 2011ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பகிர்ந்துகொண்டது. அதில் தன் அனுமதி இல்லாமல் தன் நாவல் எடுத்தாளப்பட்டிருக்கிறது என்று சாரா வழக்குத் தொடுத்தார். மங்களூரு நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. மனம் புண்பட்டது என்று யாரும் அந்த வழக்கில் சொல்லவில்லை. கதை யாருடையது என்பதுதான் கேள்வி. என்னுடையது என்று ஒரு பெண் சொன்னாள், நீதிபதி ஒத்துக்கொண்டார்.